டைப் 1 சர்க்கரை நோய் இருப்பதை மறைத்து மாணவர் காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

நீலப்பேனா எழுதியது:

எனக்கு 22 வயது. 13 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. நாளைக்கு நாலு ஊசி, கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக 7.2. முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனியில் ஒரு இடமும் ஆஸ்திரேலியாவில் ஒரு இடமும் கிடைத்திருக்கின்றன. இரண்டும் எனக்குப் பிடித்த படிப்புதான்.

பிரச்சினை காப்பீட்டில் வந்து நிற்கிறது. விண்ணப்ப வேலையைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட், "நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிடுங்கள். இன்சுலினை மொத்தமாக வாங்கிக் கையோடு கொண்டுபோய்விடலாம். விசாவுக்கு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான்" என்கிறார். அவர் காட்டிய பாலிசி மலிவாக இருக்கிறது. அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. அம்மாவுக்கு வேறு பயம்: நோயைச் சொன்னால் விசாவே கிடைக்காது என்று நினைக்கிறார்.

பொய் எழுதக் கை வரவில்லை. அதே சமயம், உண்மையைச் சொல்லிவிட்டு எந்தக் காப்பீடும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. சர்க்கரை நோயோடு வெளிநாட்டில் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த நாட்டில் நிலைமை எப்படி? போய் இறங்கிய முதல் சில மாதங்களை எப்படிச் சமாளித்தீர்கள்?


ஆறாம்மாடி எழுதியது:

தங்கை, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மறைக்காதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

எனக்கு 11 வயதில் டைப் 1. 2016-ல் ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போனேன். வகுப்பு அக்டோபரில்தான் தொடக்கம். மொழி கற்றுக்கொள்ளலாம் என்று ஆகஸ்டிலேயே போய்விட்டேன். அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு பயணக் காப்பீடு எடுத்திருந்தேன். விசா கொடுத்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், அதனால் நானும் நல்ல பாலிசி என்று நம்பிவிட்டேன். உள்ளே 14-ஆம் பக்கத்தில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கோ அதனால் வரும் சிக்கல்களுக்கோ பணம் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கம் வரை நான் படிக்கவே இல்லை.

செப்டம்பரில் வயிற்றுத் தொற்று. இரவு முழுக்க வாந்தி. காலையில் சர்க்கரை 412, கீட்டோன் மீட்டரில் 4.8: இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ். அறைத்தோழி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஆண்டாகச் சர்க்கரை?" என்பதுதான். மூன்று இரவு மருத்துவமனையில் இருந்தேன், அதில் இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில். மருத்துவம் அருமையாகப் பார்த்தார்கள். ஐந்து வாரம் கழித்துப் பில் வந்தது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மூன்று வரிக் கடிதம்: ஏற்கெனவே இருந்த நோய், எனவே பொறுப்பில்லை. 14 மாதத் தவணையில் கட்டி முடித்தேன்.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனி. பாலிசியே எனக்குப் பொருந்தாதது. விசாவுக்குப் போதுமான காப்பீடு வேறு, நமக்குப் போதுமான காப்பீடு வேறு. எனக்கு இது புரிய அந்த மூன்று இரவு தேவைப்பட்டது. உனக்கு அது வேண்டாம்.

இப்போது நல்ல பக்கம். அக்டோபரில் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ததும் சட்டபூர்வப் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தேன். ஜெர்மனியில் 30 வயதுக்குக் கீழ் இருக்கும் மாணவர்களுக்கு அதுதான் விதி, மாணவர் கட்டணமும் தனி. சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக அவர்கள் உன்னை மறுக்க முடியாது, கூடுதல் பிரீமியம் கேட்கவும் முடியாது. காத்திருப்புக் காலமும் இல்லை. மருந்துச் சீட்டுக்கு ஒரு பொருளுக்கு 5 முதல் 10 யூரோ நாம் கட்ட வேண்டும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு அதுவும் கிடையாது. நீண்டகால நோயாளி என்று பதிந்துகொண்டால், ஆண்டுக்கு நாம் கட்டும் மொத்தப் பங்கு வருமானத்தில் 1 சதவீதத்தைத் தாண்டாது. நாளைக்குப் பல தடவை இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சென்சாரும் 2016-லிருந்து பொதுக் காப்பீட்டில் வருகிறது. முதல் தடவை மருந்துக்கடையில் அந்த அட்டையை நீட்டி, மூன்று மாத இன்சுலினை ஒரு பையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. பதிவு நாட்களில் தனியார் பாலிசி விற்பவர்கள் வளாகத்தைச் சுற்றி நிற்பார்கள். "இது மலிவு, பொதுக் காப்பீடு வேண்டாம் என்று விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். போட்டுவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப வழியில்லை. சர்க்கரை இல்லாத நண்பர்கள் போடுவார்கள், அவர்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். நீ போடாதே.

இன்னொன்று, மொழிப் படிப்புக்கோ ஆயத்தப் படிப்புக்கோ மட்டும் வருகிறவர்களுக்கு இந்த மாணவர் காப்பீடு கிடைப்பதில்லை. அதனால்தான் எனக்கு அந்த இரண்டு மாத ஓட்டை. இன்றைக்கு நான் போவதாக இருந்தால் மொழியை வீட்டிலிருந்தே படித்துவிட்டு, பதிவு நாளை ஒட்டித்தான் விமானம் ஏறுவேன்.


வடக்குவாசல் எழுதியது:

வேறு நாடு, டைப் 2, மாத்திரைதான். நான் மறைத்துத்தான் பாலிசி எடுத்தேன். மூன்று ஆண்டாகிறது, ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையைக் கைப்பணத்தில் வாங்கிக்கொள்கிறேன். எல்லாரும் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.


ஆறாம்மாடி எழுதியது:

உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெண் இன்சுலினில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு நாள் ஊசி தவறினாலும் ஆபத்து.

அந்தச் செவிலியரின் கேள்வியை நினைத்துப் பாருங்கள். "எத்தனை ஆண்டாக?" உயிர் போகிற நேரத்தில் யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது, மருத்துவம் தவறாகிவிடும். "ஒன்பது ஆண்டாக" என்று சொன்னதும் அது குறிப்பேட்டில் ஏறிவிடும். கிளெய்ம் வரும்போது நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான். பிறகு அந்த ஒரு கிளெய்ம் மட்டும் போகாது. தவறான தகவல் கொடுத்தார் என்று பாலிசியையே ரத்து செய்ய முடியும். அப்போது கால் முறிந்தால்கூடக் காப்பீடு இருக்காது. பல நாடுகளில் காப்பீடு இல்லாமல் மாணவர் விசாவில் இருக்கவும் முடியாது. காப்பீடு விண்ணப்பத்தில் எழுதிய ஒரு பொய் விசா வரைக்கும் போய் நிற்கும்.

உங்களையும் தப்பாகச் சொல்லவில்லை. அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது உண்மையைச் சொல்லும் வழி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.


தெற்குச்சிலுவை எழுதியது:

ஆஸ்திரேலியா பற்றி நான் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எனக்கும் டைப் 1.

மாணவர் விசாவுக்கு ஓஎஸ்எச்சி என்ற வெளிநாட்டு மாணவர் காப்பீடு கட்டாயம். தங்கும் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். நோய் இருக்கிறது என்று யாரையும் மறுக்க மாட்டார்கள், அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தால் 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. முதல் ஆண்டு முழுக்க அது என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

மருந்து விஷயத்தில்தான் கை கடிக்கிறது. உள்ளூர்வாசிகளுக்கு அரசு மானியத்தில் இன்சுலின் கிடைக்கிறது. ஸ்ட்ரிப், சென்சார், இன்சுலின் பம்ப் பொருள்களுக்கு என்டிஎஸ்எஸ் என்று தனித் திட்டமே இருக்கிறது. மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டு அட்டை இல்லாத நமக்கு அவை கிடையாது. மெடிகேர் ஒப்பந்தம் உள்ள சில நாட்டு மாணவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. என் பாலிசியில் மருந்து ஒன்றுக்கு 50 டாலர் வரை, ஆண்டுக்கு மொத்தம் 300 டாலர் வரைதான் திருப்பித் தருகிறார்கள். அதுவும் நம் பங்கை நாம் கட்டிய பிறகு. சென்சார் முழுக்கவே என் கைக்காசு. படிப்புச் செலவுக் கணக்கில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். நான் சேர்க்கவில்லை. முதல் செமஸ்டரில் சென்சாரை நிறுத்திவிட்டு விரல் குத்தலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கூடுதல் பணம் கட்டினால் மருந்து வரம்பு உயரும் பாலிசிகளும் இருக்கின்றன. பல்கலைக்கழகம் தானாகச் சேர்த்துவிடும் பாலிசியை அப்படியே ஏற்காமல் ஒப்பிட்டுப் பாருங்கள்.


மஞ்சள்குடை எழுதியது:

கேட்கவில்லை என்றாலும் பிரிட்டனைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன், படிப்பவர்களுக்குப் பயன்படும். ஆறு மாதத்துக்கு மேல் படிக்கிற மாணவர்கள் விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட். சர்க்கரை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தொகை. கட்டிவிட்டால் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவை உங்களுக்கும் உண்டு, பழைய நோய்க்கும் சேர்த்து.

வந்த முதல் வாரத்திலேயே ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு எல்லா மருந்துச் சீட்டும் இலவசம். அதற்கு எஃப்பி92ஏ என்ற படிவத்தை ஜிபி மருத்துவரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும் முன்பே மருந்துக்கடையில் "இலவசம்" கட்டத்தில் டிக் செய்யாதீர்கள், பிறகு அபராதக் கடிதம் வரும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துச் சீட்டு எல்லாருக்கும் இலவசம், இந்தத் தொல்லையே இல்லை.


இரண்டாம்பேனா எழுதியது:

அமெரிக்காவில் முனைவர் பட்டம் செய்கிறேன், டைப் 1. இங்கே நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு அரசு குறைந்தபட்சக் காப்பீடு எதையும் வைக்கவில்லை, பல்கலைக்கழகம் வைப்பதுதான் விதி. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவுக்கு மட்டும் அரசு வரையறை இருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் சொந்த மாணவர் திட்டம், 2014-லிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, பழைய நோயை விலக்க முடியாது. பிரீமியம் அதிகம்தான். அதைத் தவிர்க்கலாம் என்று வெளியே மலிவான பயணப் பாலிசி வாங்கி, பல்கலைக்கழகத் திட்டத்திலிருந்து விலக்குக் கேட்பார்கள். அந்த மலிவுப் பாலிசிகளில் "பழைய நோய் திடீரென்று தீவிரமானால் மட்டும்" என்று ஒரு வாசகம் இருக்கும். படிக்கும்போது நமக்கும் ஏதோ கிடைக்கும் போலத் தோன்றும். மாதாமாதம் வேண்டிய இன்சுலின் அதில் வராது.

திட்டத்தை ஒப்புக்கொள்ளும் முன் மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் இன்சுலின் அதில் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பல நாடுகளில் நோவோராபிட் என்று விற்பது இங்கே நோவோலாக் என்ற பெயரில் இருக்கும், மருந்து ஒன்றுதான். காப்பீட்டுக்காரர் நோவோலாக்கை விட்டுவிட்டு ஹியூமலாக் என்ற வேறு இன்சுலினுக்குத்தான் பணம் தருவேன் என்றால் மாற வேண்டியிருக்கும். எனக்கு மாற்றினார்கள். முதல் இரண்டு வாரம் சர்க்கரை தடுமாறியது, அளவைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. சென்சாருக்கு முன் அனுமதி வாங்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்துக்கான சென்சார் என் பெட்டியில் இருந்ததால் தப்பித்தேன்.


நீலப்பேனா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அக்கா, நீங்கள் அந்த 14-ஆம் பக்கத்தைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் அவர் எழுந்துபோய் ஏஜென்ட் கொடுத்த பாலிசியை எடுத்து வந்தார். இதில் 9-ஆம் பக்கத்தில் இருக்கிறது, ஏறக்குறைய அதே வரி.

ஜெர்மனி பக்கம் மனம் சாய்கிறது. அம்மா விசாவைப் பற்றித்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்புறம், பதிவுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு நாளாவது அங்கே இருந்தாக வேண்டும், அறை பார்க்க வேண்டுமே. அந்தப் பன்னிரண்டு நாளுக்கு என்ன செய்வது? கையோடு எவ்வளவு இன்சுலின் கொண்டுபோகலாம்?


ஆறாம்மாடி எழுதியது:

அம்மாவிடம் சொல்: ஜெர்மனிக்கான மாணவர் விசாவில் காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக எனக்கு யாரும் மறுக்கவில்லை. என் விண்ணப்பத்தில் மருத்துவர் கடிதமும் சேர்ந்தே போனது.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குப் பயணக் காப்பீடு எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வாங்கும் முன் மின்னஞ்சலில் கேள். தொலைபேசியில் "அதெல்லாம் கவர் ஆகும்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் இப்போது யாருக்காவது எழுதிக்கொடுப்பது இந்த மாதிரி: "எனக்கு 9 ஆண்டாக டைப் 1 சர்க்கரை நோய். கீட்டோஅசிடோசிஸ் வந்தோ, சர்க்கரை மிகவும் இறங்கியோ மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தருவீர்களா? எவ்வளவு வரை? விதிமுறையில் எந்தப் பிரிவு அதைச் சொல்கிறது?" கேள்வியில் நோய்களின் பெயரையே போடு. "நீரிழிவு கவர் ஆகுமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பழைய நோயின் அவசர சிகிச்சைக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கும் பாலிசிகள் உண்டு, தேடினால் கிடைக்கும். பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இப்போதே எழுதி, எந்தத் தேதியிலிருந்து உனக்குக் காப்பு தொடங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்.

இன்சுலின்: நான் மூன்று மாத அளவு கொண்டுபோனேன், மருத்துவர் கடிதத்தில் எழுதிய அளவுக்குள். போகும் நாட்டின் சுங்க விதியை ஒருமுறை பார்த்துவிடு. எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் உறைந்துபோகலாம், பெட்டி தொலையவும் செய்யலாம். பாதியை உன் பையிலும் பாதியைக் கூட வருபவர் பையிலும் வை. தனியாகப் போனால் இரண்டு கைப்பையில் பிரித்துவிடு. பாதுகாப்புச் சோதனையில் திரவ வரம்பு இதற்குக் கிடையாது, கடிதத்தை மட்டும் மேலாக எடுத்து வைத்துக்கொள்.

போய்ச் சேர்ந்ததும் குளிர்பெட்டியில் கவனம். விடுதியில் ஆறு பேருக்கு ஒரு குளிர்பெட்டி. யாரோ இடம் வேண்டி என் இன்சுலினைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள். காலையில் எடுத்தால் கண்ணாடிக்குள் ஊசி ஊசியாகப் பனி. உருகிய பிறகு பார்க்கப் பழையபடி தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் உறைந்த இன்சுலின் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, ஐந்து இன்சுலின் பேனாவையும் தூக்கிப் போட்டேன். அதன் பிறகு கதவுப் பக்கத் தட்டில் மூடி போட்ட டப்பாவில் வைத்தேன், மேலே என் பெயரும் "மருந்து" என்ற வார்த்தையும் அந்த ஊர் மொழியில்.

இன்னும் ஒன்று. உன் இன்சுலின் பேனாவா, குப்பியா? குப்பி என்றால் உடனே சொல்.


நீலப்பேனா எழுதியது:

நாள் முழுக்க வேலை செய்யும் பேசல் இன்சுலின் பேனா. சாப்பாட்டு ஊசி குப்பிதான் அக்கா, யு-40. ஏன்?


ஆறாம்மாடி எழுதியது:

அதைத்தான் பயந்தேன். சில நாடுகளில் குப்பி இன்சுலின் இன்னும் யு-40 அளவில், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் என்று விற்கிறது. நீ போகிற இடத்தில் உனக்குக் கிடைக்கப்போவது யு-100. உன் பழைய யு-40 சிரிஞ்சில் அந்த மருந்தை எடுத்தால், 10 என்ற கோடு வரை இழுத்தாலே உடம்புக்குள் 25 யூனிட் போய்விடும். இரண்டரை மடங்கு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் எழுப்ப ஆள் இருக்காது.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு அதையும் யு-100 பேனாவுக்கு மாற்றிக்கொள். வீட்டில் இருக்கும்போதே பழகிவிடும். பழைய சிரிஞ்ச் ஒன்றுகூடப் பெட்டியில் வர வேண்டாம்.

மருத்துவர் கடிதத்தில் மருந்தின் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கிளார்ஜின், அஸ்பார்ட் என்று மருந்தின் பொதுப்பெயரும், யு-100 என்ற அளவும், நாளைக்கு எத்தனை யூனிட் என்பதும், சென்சாரின் பெயரும், நோய் வந்த ஆண்டும் இருக்கட்டும். சர்க்கரை அளவை இரண்டு அலகிலும் எழுதச் சொல். 180 என்பதை 10.0 என்று சொல்லும் மருத்துவர்களும் இருப்பார்கள், 18-ஆல் வகுத்தால் கிடைப்பது. கையெழுத்து, முத்திரை, பதிவு எண். நாலு பிரதி எடு.


நீலப்பேனா எழுதியது:

வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் எடுத்துக்கொண்டேன், பேனா மாற்றுவதை முதல் வரியில் போட்டிருக்கிறேன். மூன்று நிறுவனங்களுக்கு அந்தக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டுவிட்டார்: கீட்டோஅசிடோசிஸுக்கு இல்லை என்று, பிரிவு எண்ணோடு. மற்ற இருவர் பதிலும் வந்ததும் இங்கே எழுதுகிறேன். ஏஜென்டிடம் அப்பாவே பேசிவிட்டார். நோய் இருக்கிறதா என்ற கட்டத்தில் "ஆம்" என்று நான்தான் டிக் செய்தேன்.